பூண்டிக்குப் போயிருக்கார்

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி அது. கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை முறை லீலாவுக்கு. கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, லைன்களை இணைக்கும் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்கும் திசையே தெரியவில்லை. எங்கும் வெள்ளைப் புகையாக மூடியிருந்தது.

அவள் பழனி அடிவாரத்தில் தேங்காய், பழக்கடை வைத்திருந்த சுவாமிநாதனின் இரண்டாவது மகள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆப்பரேட்டர் வேலைக்குப் பயிற்சி எடுத்து, மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கே பாதிப் பேச்சு இங்கிலீஷில்தான் நடக்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரர்கள், பங்களாக்காரர்கள், தோட்ட முதலாளிகள் எல்லாரும் இங்கிலீஷில்தான் நம்பர் கேட்பார்கள். அவள் கேட்டு வாங்கி, கம்பியைச் செருகி, இணைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை காதில் வாங்கக்கூடாது என்பது சட்டம். பயிற்சியின் முதல் நாளே அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

லீலா கேட்பாள். ஆள் அரவமில்லாத அறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் குரல்கள்தான் துணை. யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

அன்று காலையில் ஊர் முழுக்க ஒரே பேச்சு டாக்டர் இராமலிங்கத்தைப் பற்றித்தான். முந்தின நாள் வெள்ளனே பூண்டியிலிருந்து ஆள் வந்திருந்தது. கருப்பம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு குழந்தை வெளியே வரவில்லை. டாக்டர் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு, டிரைவர் அழகுமலையோடு மழையிலேயே கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பிவிடுவேன், திரும்பினதும் பள்ளங்கியில் ஒரு காய்ச்சல்காரரைப் பார்க்கணும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராத்திரி வரவில்லை. விடிந்தும் வரவில்லை. போலீஸ் ஜீப் பெரியகுளம் போன இடத்தில் பழுதாகிக் கீழேயே நின்றுவிட்டது. மீதி இருந்தது வன அதிகாரி தத்தாவின் ஜீப் ஒன்றுதான். ஆட்களும் கயிறும் மண்வெட்டியும் அவரிடம்தான் இருந்தன. டாக்டரின் மனைவி சண்முகசுந்தரி அவரிடம்தான் உதவி கேட்டிருந்தார்.

பூண்டியும் பள்ளங்கியும் நேர்மாறான திசைகள். பூண்டிக்கு மேற்கே காட்டுப் பாதையில் வெகுதூரம் போகவேண்டும். பள்ளங்கிக்கு அட்டுவம்பட்டி வழியாகச் சரிவில் இறங்கவேண்டும். ஒரு ஜீப்பை இரண்டு பக்கமும் அனுப்ப முடியாது. அதனால் தத்தா முதலில் மேற்குப் பாதையில் இருந்த ஆப்பிள் தோட்டத்துக்கு டெலிபோன் கேட்டார். பூண்டிக்குப் போகும் எந்த வண்டியும் அந்தத் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும்.

தத்தா கல்கத்தாக்காரர். தமிழ் பேச வராது. தோட்டத்தில் எடுத்தவர் அங்கே கணக்கெழுதும் ரைட்டர் சேனாதிபதி. லீலா இணைத்துவிட்டாள். விலகவில்லை.

டாக்டரின் ஜீப் திரும்பி வந்ததைப் பார்த்தாயா என்று தத்தா கேட்டார். மழைக்குக் கம்பியில் இரைச்சல் அதிகமாக இருந்தது. கேள்வி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பது சந்தேகம். டாக்டர் எங்கே என்று கத்தினார்.

“டாக்டர் ஹேஸ் பீன் டு பூண்டி, சார்” என்றார் சேனாதிபதி.

நிச்சயமாகவா என்று கேட்டார் தத்தா.

“யெஸ் சார். ஷ்யூர் சார். ஹேஸ் பீன் டு பூண்டி.”

தத்தா நன்றி சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். பேச்சு முடிந்ததற்கு அடையாளமான தகடு பலகையில் விழுந்தது. மறுமுனையில் சேனாதிபதி இன்னும் இருந்தார். “ஹலோ? சார்? ஹலோ, ஹலோ?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதே நேரத்தில் இன்னொரு தகடும் விழுந்தது. வேறு யாரோ நம்பர் கேட்டார்கள். லீலாவின் கை பழக்கத்தில் கம்பியைப் பிடுங்கிவிட்டது.

அடுத்தவருக்கு நம்பர் கொடுத்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஹேஸ் பீன் என்றால் போய்விட்டு வந்தாயிற்று. ஹேஸ் கான் என்றால் போனவர் இன்னும் அங்கேதான். இந்த வித்தியாசத்தை லீலா ஒரு தடவை அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சூப்பர்வைசர் நல்லசாமி வத்தலக்குண்டு போயிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாள் அவரைக் கேட்டுக் கூப்பிட்டாள். ‘ஹி ஹேஸ் பீன் டு வத்தலக்குண்டு’ என்றாள் லீலா. நல்லது, அப்படியானால் அவரிடம் கொடு என்றாள் அந்த அம்மாள். லீலா விழித்தாள். அவர் இல்லை என்று சொல்ல, பின்னே ஏன் வந்துவிட்டார் என்று சொன்னாய் என்று அந்த அம்மாள் கோபப்பட்டாள். தமிழில் இந்தத் தொந்தரவே கிடையாது. வத்தலக்குண்டுக்குப் போயிருக்கார் என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் ஆகும். காசிக்குப் போயிருக்கார் என்றால் எப்போதோ போய்வந்தவர் என்றும் ஆகும். கேட்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

சேனாதிபதி எதைச் சொன்னார்? போயிருக்கார் என்பதை மனசுக்குள் தமிழில் நினைத்து, பீன் என்று சொல்லிவிட்டாரா? அல்லது ஜீப் திரும்பி ஊர்ப்பக்கம் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா?

அவசரமாகத் தோட்டத்துக் கம்பியைத் திரும்பச் செருகி மணி அடித்தாள். சத்தமே இல்லை. எங்கேயோ மரம் விழுந்து லைன் அறுந்துபோயிருந்தது.

சேனாதிபதியின் இங்கிலீஷை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. அவர் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார துரையிடம் கணக்கெழுதியவர். குடும்பத்தோடு இங்கே திரும்பி வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. லீலாவைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் போன மாதம் தோட்ட முதலாளியைக் கேட்டு ஒரு டிரங்க் கால் வந்தபோது, ‘மாஸ்டர் ஹேஸ் பீன் டு மதுரை’ என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வருவார் என்றும் அவர் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். அதே மனிதர் இன்னொரு நாள், முதலாளியம்மாள் கீழே போயிருப்பதை ‘ஹேஸ் கான்’ என்று சரியாகத்தான் சொன்னார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. எது வாயில் வருகிறதோ அதைச் சொல்கிறார்.

தத்தா புரிந்துகொண்டது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. டாக்டர் பூண்டியிலிருந்து திரும்பிவிட்டார், தோட்டத்தைத் தாண்டிவிட்டார், வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளங்கிக்குப் போயிருக்கிறார், அந்தச் சரிவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அவர் ஆட்களைப் பள்ளங்கிக்கு அழைத்துப் போவார்.

உடனே அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். லீலா சொல்லவில்லை. சொன்னால் பேச்சைக் கேட்டது வெளியாகிவிடும், வேலை போகும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் வேறு. தான் சொல்லி, அவர் பூண்டிப் பக்கம் போய், டாக்டர் பள்ளங்கிச் சரிவில் கிடந்து செத்துப்போனால்? நம்பர் கேட்டவர்களுக்குத் தப்புத் தப்பாகக் கொடுத்தாள். ஹலோ ஹலோ என்று சேனாதிபதி கூப்பிட்டது மட்டும் காதை விட்டுப் போகவில்லை. சொல்லி முடித்தவர் அப்படிக் கூப்பிடமாட்டார். இன்னும் ஏதோ சொல்ல இருந்திருக்கிறது.

நல்லசாமி நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது காலை பாதி கழிந்திருந்தது. அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஈரத் துண்டால் தலையைத் துவட்டியபடியே கேட்டார். பிள்ளைகுட்டிக்காரர், பென்ஷனுக்கு நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்.

“நீ ஒண்ணையும் கேக்கல, என்கிட்ட ஒண்ணையும் சொல்லல. பலகையப் பாரும்மா” என்றார்.

“சார், அவரு இன்னும் ஏதோ சொல்ல வந்தாருங்க. நான்தான் பிடுங்கிட்டேன்.”

நல்லசாமி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தடுக்கவுமில்லை. லீலா வன அலுவலகத்துக்கு மணி அடித்தாள்.

தத்தா அப்போதுதான் ஆட்களைச் சேர்த்து முடித்து, கிளம்பும் அவசரத்தில் இருந்தார். பின்னால் ஆட்கள் சத்தம் கேட்டது. அவள் தன் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். தோட்டத்து ரைட்டர் பீன் என்று சொன்னது கான் என்று இருக்கலாம், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், அவர் முன்பும் இப்படி மாற்றிச் சொன்னதுண்டு.

நீ கேட்டுக்கொண்டிருந்தாயா என்றார் தத்தா.

“யெஸ், சார்.”

அவர் கோபமில்லாமல்தான் கேட்டார், உனக்கு இது நிச்சயமா என்று. லீலாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நிச்சயமில்லை என்றாள்.

அவன் நிச்சயம் என்றான், நீ நிச்சயமில்லை என்கிறாய். என்னிடம் இருப்பது ஒரு ஜீப், பள்ளங்கிச் சரிவில் இரண்டு இடத்தில் மண் விழுந்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. நான் எதை நம்புவேன், நீயே சொல் என்றார். அவர் ரிசீவரை வைத்துவிட்டார். சற்றைக்கெல்லாம் ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அட்டுவம்பட்டிப் பக்கம் போகும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

லீலா டாக்டர் வீட்டுக்கு மணி அடித்தாள்.

சண்முகசுந்தரி கல்யாணத்துக்கு முன் மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அழாமல் கேட்டார். சேனாதிபதி சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

“அந்த ஆளு தமிழ்ல என்ன நெனச்சிருப்பாரு?”

“பூண்டிக்குப் போயிருக்காருன்னு நெனச்சிருப்பாருங்க, அக்கா.”

“போயிட்டு வந்துட்டாருன்னா அதத்தானே சொல்லுவாரு? வந்துட்டாருன்னுதானே மொதல்ல வாயில வரும்?”

லீலாவுக்கு அது தோன்றவேயில்லை. காலையிலிருந்து இங்கிலீஷுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஒருவரைப் பற்றிக் கேட்டால், வந்துட்டாரு, அப்பவே போயிட்டாரு என்றுதான் யாரும் சொல்வார்கள். போயிருக்காரு என்று சொல்லமாட்டார்கள்.

“ஆமாங்கக்கா” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பூண்டி வெள்ளைப்பூண்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் நாச்சிமுத்துவின் லாரி அது. மழைக்குப் பயந்து இரண்டு நாளாக பஸ் ஸ்டாண்டு பக்கம் சுமையோடு நிறுத்திப் போட்டிருந்தான். சண்முகசுந்தரி மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் சாக்குப்படுதாவுக்குள் சுமைதூக்கிகள் நாலைந்து பேர்.

“நீயும் வா. அந்த ரைட்டரு வேற மாதிரி சொல்லிட்டா யாரு சொன்னத நான் எடுத்துக்கிறது? காதால கேட்டவ நீதான்” என்றார்.

லீலா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நல்லசாமி அறையிலிருந்து வெளியே வந்தார். முறை முடியும் முன் பலகையை விட்டு எழுந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

“சோலி போயிரும்மா” என்றார். சொல்லிக்கொண்டே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பாதை முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லாரியின் முன்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. நாச்சிமுத்து தலையை வெளியே நீட்டி, விளிம்பைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, லாரி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கல் வைத்துத் தள்ளி ஏற்றினார்கள். இன்னொரு இடத்தில் தைலமரம் ஒன்று வேரோடு குறுக்கே விழுந்து கிடந்தது. டெலிபோன் கம்பிகள் அதன் கிளைகளில் சிக்கிச் சுருண்டிருந்தன. லைன் அறுந்த இடம் அதுதான் என்று லீலா புரிந்துகொண்டாள். கோடாரியால் கிளைகளை வெட்டி, கயிறு கட்டி லாரியாலேயே இழுத்து ஒதுக்கினார்கள். அதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

வழியெல்லாம் சண்முகசுந்தரி மருந்துப் பெட்டியை இறுகப் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார். லீலா உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். இந்த நேரம் தத்தா பள்ளங்கியில் டாக்டரைக் கண்டுபிடித்திருந்தால், தான் இந்த அம்மாளைக் கணவரிடமிருந்து எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகிறோம். அவர் கடைசி மூச்சு விடும் நேரத்தில் மனைவி பக்கத்தில் இல்லாமல் போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தாள்.

தோட்டத்து வாசலில் சேனாதிபதி கோணிச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். லாரியைக் கண்டதும் ஓடிவந்தார். லீலா குதித்து இறங்கினாள்.

“டாக்டர் பூண்டிக்குப் போயிட்டுத் திரும்பிட்டாருங்களா?”

“இல்லம்மா. நேத்துக் காலையில போன ஜீப்பு, இன்னும் திரும்பல்ல. அதத்தானே அந்த துரைகிட்ட சொன்னேன், பூண்டிக்குப் போயிருக்காருன்னு. இன்னும் வரல்லைன்னு சொல்றதுக்குள்ள லைன் போயிட்டு.”

சண்முகசுந்தரி லாரியிலிருந்து இறங்கவேயில்லை. “ஏறுங்க” என்றார்.

தோட்டத்துக்கு அப்பால் லாரி வெகுதூரம் போக முடியவில்லை. சேனாதிபதி தோட்டத்து ஆட்களை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் நடந்தார்கள். சோலைக்காட்டு ஓரம் பாதை திரும்பும் இடத்தில் மலையின் ஒரு பக்கமே வழிந்து இறங்கியிருந்தது. பாதை இருந்த சுவடே இல்லை. சேற்றுக்குள் கல்லும் மரமும் கலந்து பள்ளத்துக்குள் போயிருந்தன. கீழே, ஒரு பாறையின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது ஜீப்.

கூப்பிட்டார்கள். பதில் வந்தது. அழகுமலையின் குரல்.

ஜீப்புக்கு அடியில் டாக்டரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே சிக்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பூண்டியிலிருந்து திரும்பும்போது மண் சரிந்து வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அழகுமலைக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்தக் கையோடு ஜீப்பின் மேல்துணியைக் கிழித்து டாக்டருக்கு மேலே கட்டி, ராத்திரி முழுக்க அவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். உதவிக்கு ஆள் கூட்டிவரப் போ என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவரைத் தனியே விட்டுப் போகவில்லை.

டாக்டர் நினைவோடுதான் இருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மனைவியைப் பார்த்ததும், “பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க” என்றார். எந்தப் பிள்ளையைச் சொல்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரியச் சற்று நேரமானது.

சண்முகசுந்தரி சேற்றில் மண்டியிட்டு, முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டுப்போட்டார். ஆட்கள் மரத்தை நெம்புகோலாகக் கொடுத்து ஜீப்பைத் தூக்கினார்கள். லீலா டாக்டரின் தலையை மடியில் தாங்கியிருந்தாள். கால் வெளியே வந்தபோது அவர் போட்ட சத்தத்தை அவளால் பிறகு எந்நாளும் மறக்க முடியவில்லை. கம்பளியில் கிடத்தி மேலே ஏற்றி, பூண்டுச் சாக்குகளின்மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஊர் எல்லையில் தத்தாவின் ஜீப் எதிரே வந்தது. பள்ளங்கியில் டாக்டர் வரவேயில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பியிருந்தார். லாரிக்குள் எட்டிப் பார்த்தார். தன் ஜீப்பை முன்னால் விட்டு, மலைப்பாதை முழுக்க லாரிக்கு வழி காட்டிக்கொண்டு மதுரைவரை போனார்.

டாக்டர் உயிர் பிழைத்தார். வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. சில மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பேச்சு மலையேறி வந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

தேடுதல் பார்ட்டி ஏன் எதிர்த்திசையில் போனது? தோட்டத்து ரைட்டர் தவறான தகவல் கொடுத்தார் என்று தத்தா எழுதினார். அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. தோட்ட முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. விசாரணை முடிந்ததும் சேனாதிபதி வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். சேனாதிபதியின் மனைவி கந்தம்மாள் ஒரு நாள் லீலா தங்கியிருந்த விடுதிக்கு வந்து அவளைப் பார்த்தாள். கையில் ஒரு பை கேரட். சிலோனை விட்டு வந்தபோது இருந்த இடம் போனது, இங்கேயும் போனால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள். லீலாவிடம் இன்னது செய் என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும், “அவரு சொல்லி முடிக்கல்லம்மா. அவரு பேச்ச யாரும் முழுசா கேக்கல்ல” என்றாள்.

முழுவதும் கேட்டது லீலா ஒருத்திதான்.

அவளுக்கும் மெமோ வந்திருந்தது. அடுத்தவர் பேச்சைக் கேட்டதற்கும் பலகையை விட்டு எழுந்து போனதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். நல்லசாமி தனியே கூப்பிட்டு வழி சொன்னார். பலகையை விட்டுப் போனதை அவர் பார்த்துக்கொள்வார். தான் அனுமதி கொடுத்ததாக எழுதிவிட்டார். மற்றதற்கு, இணைக்கும்போது தற்செயலாக ஒன்றிரண்டு வார்த்தை காதில் விழுந்தது என்று சொன்னால் போதும். தானாகக் காதில் விழுவதற்கு ஓவர்ஹியர் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, கவனித்துக் கேட்பதற்கு லிஸன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. முதலாவதைச் சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், இரண்டாவதைச் சொன்னால் யாராலும் காப்பாற்ற முடியாது என்றார்.

லீலா இரண்டு நாள் யோசித்தாள். தற்செயலாகக் காதில் விழுந்தவளுக்குப் பேச்சின் முடிவு தெரிந்திருக்க முடியாது. தத்தா ரிசீவரை வைத்த பிறகும் சேனாதிபதி கூப்பிட்டுக்கொண்டே இருந்ததை அவள் சொல்லவேண்டுமானால், கடைசிவரை கேட்டதைச் சொல்லியாக வேண்டும். பழனியில் அப்பாவின் கடையை நினைத்தாள். அவள் அனுப்பும் பணத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு மதுரையிலிருந்து வந்த அதிகாரி சாந்தமானவர். தத்தாவும் சேனாதிபதியும் நல்லசாமியும் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி தமிழர்தான் என்றாலும் தத்தாவுக்காக இங்கிலீஷிலேயே கேட்டார். யூ ஓவர்ஹியர்டு தி கான்வர்சேஷன், இஸ் இட்? என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

“நோ, சார்” என்றாள் லீலா. “ஐ வாஸ் லிஸனிங்.”

நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தமிழில் கேட்டார். “அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?”

“தெரியுங்க. ஆரம்பத்திலேருந்து கடைசிவரைக்கும் கேட்டேன். தத்தா சார் போன வச்ச பெறகும் ரைட்டரு ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாருங்க. சொல்ல இன்னும் இருந்துச்சு. நான்தான் கம்பியப் பிடுங்கினேன். அப்பறம் சந்தேகம் வந்தும் உடனே சொல்லல. பயந்துகிட்டு உக்காந்திருந்தேன்.”

சேனாதிபதி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அதிகாரி தத்தாவைப் பார்த்தார். இந்தப் பெண் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாளா என்று கேட்டார்.

சொன்னாள் என்றார் தத்தா. நிச்சயமா என்று கேட்டேன், நிச்சயமில்லை என்றாள். அதோடு, மறுமுனையில் அந்த மனிதர் பேசி முடித்தாரா என்று நான் காத்திருந்து பார்க்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

சேனாதிபதிமேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. தோட்ட முதலாளியும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தத்தாவுக்கு என்ன நடந்தது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியவரவில்லை. நல்லசாமிக்கு ஒரு கண்டனக் கடிதம். லீலாவை வேலையை விட்டு நீக்கவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி, பலகையிலிருந்து எடுத்து, திண்டுக்கல்லில் பில் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். இனி ஹெட்போன் அவள் கைக்கு வராது.

கிளம்பும் காலையில் வெயில் அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குச் சண்முகசுந்தரி வந்திருந்தார். டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், கக்கத்தில் கட்டை வைத்துத் வராந்தாவில் நடந்து பழகுவதாகவும், அழகுமலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூடவே நடப்பதாகவும் சொன்னார். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இனிமேல் பூண்டிப் பக்கம் தானே போகப்போவதாகவும் சொன்னார்.

பஸ் புறப்பட நேரமிருந்தது. லீலா பல நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“அக்கா, கேட்ட ஒடனே நான் சொல்லியிருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாமா?”

சண்முகசுந்தரி அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“காப்பாத்தியிருக்கலாம். சொல்ல முடியாது. காலு ராத்திரியே போயிருக்கும்னும் ஒரு டாக்டர் சொன்னாரு.”

லீலா தலையசைத்தாள். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“நானும் அவரும் இதப் பேசினோம்” என்றார் சண்முகசுந்தரி. “உன்மேல வருத்தம் இருக்கான்னு கேட்டேன். காலையில கொஞ்ச நேரம் இருக்கு, அப்பறம் போயிருதுன்னாரு. எனக்கும் அப்படித்தான். பொய் சொல்லமாட்டேன்.”

கண்டக்டர் விசில் ஊதினான். லீலா பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சண்முகசுந்தரி கீழே நின்று, கொண்டுவந்திருந்த இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். கீழே போனதும் எழுது, பழனிக்கு வந்தால் உங்கள் கடைக்கு வருகிறேன் என்றார். லீலா பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. பஸ் நகர்ந்து வளைவு திரும்பும்வரை அந்த அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.